தடத்தில் ஒரு மணியோசை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சைக்கிளில் வேலைக்குப் போய்வந்த அனுபவத்தைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசவேண்டும் என்று நிலையத்தார் அழைத்தபோது, ஏறி மிதித்தால் போகிறது, இதில் பேச என்ன இருக்கிறது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இரண்டு நாள் யோசித்த பிறகு, பதினைந்து நிமிடம் போதாதே என்ற கவலை வந்துவிட்டது. இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணிக்குத் தெற்கே கடலை ஒட்டிய சிற்றூர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக 27 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதியை ஒரு சைக்கிளின் மேல்தான் கழித்திருக்கிறேன்.

தார்ச்சாலை வழியாகப் போனால் எனக்குச் சுற்று அதிகம். ஆகவே கண்மாய்க் கரையில் ஏறி, பனங்காட்டுக்குள் இறங்கி, சீமைக் கருவேலங்காட்டை ஊடறுத்துக் கடற்கரை மணலில் போய் முடிகிற தடத்தில்தான் நான் போவது வழக்கம். அந்தத் தடம் எனக்காகப் போடப்பட்டது அன்று; சைக்கிளுக்காகவும் போடப்பட்டது அன்று. அதிகாலையில் பனையேறிகள் அதில் போவார்கள். அவர்களுக்குப் பின்னால் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு பெண்கள் நல்ல தண்ணீருக்குப் போவார்கள். நம் மாவட்டத்தில் தண்ணீர் வண்டி தள்ளாத கை எந்த வீட்டில் இருக்கிறது? பிறகு ஐஸ் பெட்டியைக் கட்டிய டிவிஎஸ் ஐம்பதில் மீன்காரர் வருவார். அவருக்கு முன்னால் வண்டியின் சத்தம் வரும், அவர் போன பிறகும் நெடுநேரம் மீன்வாடை இருக்கும். எட்டு மணிக்கு மேல் ஆடுகள் வரும். இத்தனை பேருக்கும் பொதுவான, இரண்டு முழ அகலமுள்ள ஒரு தடத்தில் எப்படிப் போவது என்பதைத்தான் இன்று சொல்ல நினைக்கிறேன்.

நான் சைக்கிள் கற்றுக்கொண்டது புதுக்கோட்டை மாவட்டத்தில், என் தாய்வீட்டில். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். ஆயிரக்கணக்கான பெண்கள் ஏறினார்கள், விழுந்தார்கள், மறுபடி ஏறினார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. மணிக்கணக்குக்கு வாடகைக்கு எடுத்த ஆண்கள் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகினேன். அங்கே எனக்கு மிதிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மணி அடிக்கக் கற்றுக்கொடுத்தவர் இந்தக் கடற்கரையில் ஆடு மேய்த்த ஒரு பெரியவர்.

மணியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நான் நிறுத்தமாட்டேன் என்பது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், முன்னால் எது தெரிந்தாலும் மணியை அடிப்பேன். பக்கத்தில் போய், விடாமல் அடிப்பேன். ஒருநாள் தடம் நிறையச் செம்மறிகள் வந்தன. நான் அடித்த அடிக்கு ஒன்றுகூடத் தலையை நிமிர்த்தவில்லை. ஒன்றோடொன்று இன்னும் நெருங்கிக்கொண்டு, முன்னிலும் மெதுவாக நடந்தன. பின்னால் வந்த பெரியவர் துரட்டியை ஊன்றிக்கொண்டு நின்று, "நர்சம்மா, மணியை ஆட்டுக்கு அடிக்காதீக, எனக்கு அடிங்க" என்றார். பிறகு நாக்கைச் சுழற்றி ஓர் ஒலி எழுப்பினார். முதலில் ஒரு கிடாய் இடப்பக்கம் ஒதுங்கியது. அதன் பின்னால் மந்தை முழுவதும் துணியை மடித்து ஓரத்தில் போட்டாற்போல ஒதுங்கிவிட்டது.

அவர் அன்று சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். செம்மறி கூட்டத்தோடு போகும். ஒன்று தடத்தைக் கடந்துவிட்டால் மற்றவையும் கடந்தே தீரும். ஆகவே நடுவில் இடைவெளி தெரிகிறது என்று நுழையக்கூடாது. கடைசி ஆட்டின் வால் போன பிறகுதான் போகவேண்டும். வெள்ளாட்டின் குணம் வேறு. அது தனக்குத் தோன்றிய பக்கம் துள்ளும். துள்ளிய பிறகு, தாய் மறுபக்கம் நிற்பதைக் கண்டு திரும்பவும் துள்ளும். குட்டியோடு இருக்கும் வெள்ளாட்டைக் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது. இதை நான் சும்மா சொல்லவில்லை. முழங்காலில் இன்னமும் தழும்பு இருக்கிறது.

"எனக்கு அடிங்க" என்ற அந்தச் சொல்லை மனிதர்களிடமும் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் வண்டி தள்ளிப்போகும் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் போய்த் திடீரென்று மணி அடித்தால் அவள் திடுக்கிடுவாள், வண்டி சாயும், ஒரு குடம் உருளும். அந்த ஒரு குடத்துக்காக அவள் எவ்வளவு நேரம் குழாயடியில் நின்றாள் என்பதை யோசித்துப் பாருங்கள். ஆகவே ஐம்பதடி தூரத்திலேயே ஒரே ஒரு தட்டுத் தட்டுவேன். அவள் திரும்பிப் பார்த்து, என்னைப் பார்த்துவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் நெருங்குவேன். நெருங்கும்போது மணியைத் தொடாமல், "அக்கா, வலப்பக்கம் வாரேன்" என்று வாயால் சொல்வேன். மணிக்கு இடம் வலம் தெரியாது. பின்னால் யாரோ வருகிறார்கள் என்று மட்டும் அது சொல்லும். எந்தப் பக்கம் வருகிறார்கள் என்று சொல்லாது. அதனால்தான் மணி கேட்ட மனிதர் பெரும்பாலும் நாம் போக நினைத்த பக்கத்துக்கே ஒதுங்குகிறார். அது அவருடைய குற்றம் அன்று. காது கேளாத முதியவர்களுக்கோ மணியும் உதவாது, வாயும் உதவாது. அவர்களைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, நன்றாக விலகி, கடைக்கண்ணில் நாம் படும்படி போகவேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: தூரத்தில் ஒரு தட்டு, கிட்டத்தில் ஒரு சொல்.

அடுத்தது முள். இராமநாதபுரத்துச் சைக்கிள்காரர் கூடியிருக்கும் இடத்தில் முள்ளைப் பற்றிப் பேசாமல் எழுந்திருக்க முடியாது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக் கருவேலம் நம் மண்ணில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நம்மில் பலருடைய அடுப்பும் வேலியும் அதுதான். கரிமூட்டம் போடுவதற்காக மரத்தை வெட்டி டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போகும் நாள்களில் தடம் நெடுகச் சிம்புகள் உதிர்ந்து கிடக்கும். பச்சை முள் கண்ணுக்குத் தெரியும். காய்ந்து மண்ணின் நிறமாகிவிட்ட முள் தெரியாது. அதுதான் டயரில் ஏறும்.

1994-ஆம் ஆண்டில் ஒரு புதன்கிழமை. புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள் என்பது தாய்மார்களுக்குத் தெரியும். கேரியரில் தடுப்பூசிப் பெட்டியைக் கட்டியிருந்தேன். அதற்குள் நான்கு ஐஸ் பொதிகளுக்கு நடுவில் மருந்துக் குப்பிகள் இருக்கும். 2 பாகை செல்சியசுக்கும் 8 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட குளிரில் அவற்றைக் காக்கவேண்டும். பனங்காடு முடிந்து கருவேலங்காடு தொடங்கும் இடத்தில் பின்சக்கரம் கனத்தது. இறங்கிப் பார்த்தால் டயர் ரிம்மோடு ஒட்டிக் கிடந்தது. ஊர் இன்னும் மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. வெறும் சக்கரத்தில் உருட்டினால் டியூப் நார்நாராகிவிடும். பையில் ஒட்டுப்போடும் சாமான்கள் இருந்தன; கைப்பம்பும் இருந்தது. ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தண்ணீர்தான் இல்லை; ஊருணி வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

மரநிழலில் முதலில் பெட்டியை வைத்தேன். கரண்டிக் காம்பால் டயரை நெம்பி டியூபை உருவிக்கொண்டிருந்தபோது அதே பெரியவர் ஆடுகளோடு வந்துசேர்ந்தார். காற்றடித்த டியூபைக் கன்னத்தோரம் வைத்து மெல்லச் சுற்றிப் பார்க்கச் சொன்னார். அப்படிச் சுற்றியபோது ஓரிடத்தில் எறும்பு ஊர்வதுபோல ஒரு குளிர்ச்சி கன்னத்தில் பட்டது. அங்கே எச்சிலைத் தொட்டு வைத்தேன், குமிழி விட்டது. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை காத்திருந்தேன். நேயர்களே, இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். பளபளப்பு மங்கி, விரலால் தொட்டால் ஒட்டாத பக்குவம் வந்த பிறகே ஒட்டை வைத்து அழுத்தவேண்டும். ஈரத்தில் வைத்த ஒட்டு அரைக் கிலோமீட்டர் கூட வராது.

ஒட்டிவிட்டு டியூபை உள்ளே திணிக்கப் போனேன். "முள்ள எடுத்தாச்சா?" என்றார் பெரியவர். நான் எடுக்கவில்லை, அவசரத்தில் நினைவே வரவில்லை. அவர் அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த முள்வாங்கியை அவிழ்த்தார். டயரின் உட்புறத்தை விரலால் தடவினால் விரலில் ஏறிவிடும் என்று சொல்லி, முந்தானையில் பஞ்சு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். செவிலியரிடம் பஞ்சுக்கா பஞ்சம்? ஓர் உருண்டைப் பஞ்சை டயருக்குள் இழுத்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் பஞ்சு சிக்கி நின்றது. கூர் மட்டும் அரிசி முனையளவு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. ஆட்டின் குளம்பிலிருந்து எடுப்பதுபோல அதை முள்வாங்கியால் பற்றி ஒரே இழுப்பில் எடுத்துவிட்டார். அது ஓர் அங்குலத்துக்குக் குறையாது. ஊருக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச்சேர்ந்தேன். பூவரசு மரத்தடியில் பதினொரு தாய்மார்கள் குழந்தைகளோடு காத்திருந்தார்கள். பெட்டியைத் திறந்தபோது ஐஸ் பாதிதான் உருகியிருந்தது.

அந்தப் பெரியவரிடம் சொல்லி எனக்கும் ஒரு முள்வாங்கி வாங்கித் தரச்செய்தேன். சாவிக்கொத்தில் இன்றும் அது இருக்கிறது. இந்த அறைக்குள் வந்தபோது அது குலுங்கும் ஓசை பதிவாகிவிடும் என்று வெளியே மேசையில் வைத்துவிட்டு வரச்சொன்னார்கள்.

மற்ற இடையூறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தடத்தில் கிடக்கும் பனைமட்டையின் கருக்கு ரம்பத்தைப் போன்றது; அதன்மேல் ஏற்றாதீர்கள், காலால் ஒதுக்கவும் செய்யாதீர்கள். கடற்கரையில் காயும் வலை மற்றொருவரின் முதலீடு. நமக்கும் அது ஆபத்து. அறுந்த தங்கூசி, அதாவது நைலான் நூல் ஒரு சாண் சிக்கினால் போதும், பின்சக்கரத்துப் பிரீவீலில் சுற்றிக்கொண்டு பெடலையே நிறுத்திவிடும். மணலில் முன்பிரேக்கைப் பிடிக்கக்கூடாது, ஹேண்டிலைத் திடீரென்று திருப்பவும் கூடாது. நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நமக்கும் அதற்கும் நடுவில் நிறுத்திக்கொண்டு சும்மா நின்றால் பெரும்பாலும் அதற்குச் சலித்துவிடும். மாசி, பங்குனியில் தார்ச்சாலை ஓரமெல்லாம் நம் குண்டு மிளகாய் காயும். முண்டு மிளகாய் என்று 2023-இல் புவிசார் குறியீடு பெற்றதும் இதுதான். கோலிக்குண்டைப் போல உருளும் அதன்மேல் சக்கரம் ஏறினால் வழுக்கும். அது காயும் இடத்துக்குக் காற்றடிக்கும் திசையில் நாம் போக நேர்ந்தாலோ அடுத்த ஊர் வரை தும்மல்தான்.

இனிக் காற்று. அதை இடையூறு என்பதா இன்பம் என்பதா என்று எனக்கே தெளிவில்லை. காலையில் நான் கடலை நோக்கித் தெற்கே போகவேண்டும், மாலையில் வடக்கே திரும்பவேண்டும். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று காலையில் நெஞ்சில் மோதும். ஐப்பசிக்குப் பிறகு வாடை மாலையில் மோதும். எதிரே வரும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பது கணக்கு. கணக்குத் தெரியாவிட்டாலும் தொடைக்குத் தெரியும். ஆனால் அதே கச்சான், வேலை முடிந்து களைத்துத் திரும்பும் மாலையில், முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளுவதுபோலத் தள்ளும். பெடலை மிதிக்காமல் பிரீவீல் கடகடவென்று ஓசையிட, கண்மாய்க் கரையில் நெடுந்தூரம் போயிருக்கிறேன். காற்று நம் வேகத்திலேயே கூட வருவதால் காதில் இரைச்சலே இராது. கண்மாய்க்குள் தவளை கத்துவதுகூடக் கேட்கும்.

மாதக் கூட்டத்துக்காக இராமநாதபுரம் போகும் நாள்களில் சக்கரக்கோட்டைக் கண்மாய்ப் பக்கமாகப் போவேன். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2025-இல் இடம்பெற்ற கண்மாய் அது. குளிர்காலத்தில் நாரைகள் தண்ணீரில் நிற்கும். நான் கவனித்த ஒன்று: மிதித்துக்கொண்டே போனால் அவை பொருட்படுத்துவதில்லை, பார்ப்பதற்காக நிறுத்தினால் எழுந்துவிடும். ஆகவே நின்று பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு, மெதுவாகப் போய்க்கொண்டே பார்க்கப் பழகிக்கொண்டேன்.

உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் சைக்கிளை எப்படிக் காப்பது என்பதற்குத் தனியாக ஐந்து நிமிடம் வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம் என்றுதான் பொருள்கொள்கிறேன். குடிக்கும் தண்ணீருக்கே வண்டி தள்ளுகிற ஊரில் சைக்கிளைக் கழுவ எனக்கு மனம் வந்ததில்லை. அரிசி களைந்த நீரில் துணியை நனைத்துப் பிழிந்து ரிம்மையும் ஸ்போக்ஸ் கம்பிகளையும் துடைத்துவிட்டு, உலர்ந்த பிறகு கம்பிகளில் மட்டும் தேங்காயெண்ணெயைத் தொட்டுத் தடவுவேன். செயினுக்கு மட்டும் மெஷின் எண்ணெய். அதையும் போட்டபின் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மணல் ஒட்டிக்கொள்ளும்.

கடைசியாக விளக்கு. தம்பி இப்போது ஒரு விரலைத்தான் காட்டுகிறார். டைனமோ வைத்த சைக்கிளை நிறுத்தினால் விளக்கும் நின்றுவிடும். இருட்டில் நிற்கும்போதுதான் விளக்கு அதிகம் தேவை. ஆகவே கையில் டார்ச்சும், பின் மட்கார்டில் சிவப்புப் பிரதிபலிப்பானும் வையுங்கள். அது கிடைக்காவிட்டால், அந்தக் காலத்தில் செய்தார்களே, அதுபோல மட்கார்டின் நுனியில் ஒரு சாணுக்கு வெள்ளைப் பெயிண்டாவது அடியுங்கள். எதிரே டிவிஎஸ் ஐம்பதில் வரும் மீன்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே வருவார். அவருடைய விளக்கும் எரியாது. நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.