நாற்பது பக்க நோட்டும் மனச்சோர்வும்

(இராயபுரத்தில் உள்ள ஒரு படிப்பகத்தில், மீன்பிடித் தடைக்காலத்து மாலை ஒன்றில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

பெரியோர்களே, தாய்மார்களே, படிப்பகத்து இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பதால்தான் இந்த வேளையில் இத்தனை ஆண்களை இங்கே ஒருசேரப் பார்க்க முடிகிறது. தடை முடிந்து, ஐஸ் ஏற்றி, டீசல் நிரப்பி, படகுகள் எல்லாம் காசிமேட்டை விட்டுப் புறப்பட்ட பிறகும், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தபடியே கிடக்கும் ஒருவர் நம் தெருவில் உண்டு. அவரைச் சோம்பேறி என்கிறோம், குடும்பப் பொறுப்பு இல்லாதவர் என்கிறோம், இல்லையென்றால் காத்து கருப்பு பட்டுவிட்டது என்று மந்திரிக்க அழைத்துப் போகிறோம். என் 54ஆம் வயதில் ஏழெட்டு மாதங்கள் நானே அப்படிக் கிடந்தேன். அதனால் அவருடைய பக்கத்தில் நின்று பேசுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மன அழுத்தம் என்ற சொல்லை நாம் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். தேர்வுக்கு முந்தைய இரவும், வட்டிக்காரர் வாசலில் நிற்கும் நேரமும் அழுத்தம்தான். காரணம் விலகினால் அதுவும் பெரும்பாலும் விலகிவிடும். மனச்சோர்வு வேறு. இரண்டு வாரங்களுக்கு மேல், ஏறக்குறைய எல்லா நாளும், நாளின் பெரும்பகுதியில் மனம் கனத்துக் கிடப்பதும், பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவதும், தூக்கமும் பசியும் மாறுவதும், தன்னைத் தானே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பதும் சேர்ந்து வந்தால் அது நோய். 2019இல் உலகில் ஏறத்தாழ 28 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

இதற்கு மாத்திரை உண்டு. அதோடு, சி.பி.டி. என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் உண்டு. அதை உருவாக்கிய ஆரோன் பெக், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து மனநல மருத்துவர்; 1921இல் பிறந்து 2021இல், நூறு வயதில் மறைந்தார். அவர் தொடங்கிய இடம் வேறு. மனச்சோர்வு என்பது உள்ளுக்குள் திரும்பிய கோபம் என்ற பழைய கொள்கையை மெய்ப்பிக்க எண்ணி, நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். கோபத்தை எதிர்பார்த்தவர், இழப்பும் தோல்வியும் ஏமாற்றமுமே அங்கே நிறைந்திருப்பதைக் கண்டார். பிறகு, பேசிக்கொண்டிருக்கும்போதே நோயாளியின் மனத்தில் இன்னொரு பேச்சு தானாக ஓடுவதைக் கவனித்தார்: நான் உதவாதவன், என்னைச் சுற்றி எல்லாம் எதிராக இருக்கிறது, இனியும் இப்படித்தான் இருக்கும். 1960களில், அந்த எண்ணங்களை எடுத்து வைத்துச் சோதித்துப் பார்ப்பதையே ஒரு சிகிச்சையாக அவர் வளர்த்தார். தான் நம்பியிருந்த கொள்கையைச் சான்று மறுத்தபோது சான்றின் பக்கம் அவர் போனார் என்பதே, இந்த முறையின் மீது எனக்கு நம்பிக்கை வரக் காரணம்.

நான் கிடந்த நாட்களில் வந்தவர்கள் எல்லோரும் ‘நல்லதையே நினையுங்கள், சார்’ என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் நினைக்க முடியாததுதானே நோய்! ஆலோசகராக வந்த ஒரு பெண் மட்டும் நினைப்பைப் பற்றி எதுவும் கேட்காமல், நாற்பது பக்க நோட்டு ஒன்றில் மணிவாரியாகக் கட்டம் போடச் சொன்னார். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மணியில் செய்ததை எழுத வேண்டும். அதில் கிடைத்த மகிழ்ச்சிக்கு பத்துக்கு எத்தனை, செய்து முடித்தேன் என்ற நிறைவுக்கு எத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். ஆயிரக்கணக்கான விடைத்தாள்களுக்கு மதிப்பெண் போட்ட கைக்கு அது பழகிய வேலை. முதல் வாரம் முழுவதும் ‘படுத்திருந்தேன், 0, 0’ என்றே எழுதினேன். பிறகு அவர் ஒரு சிறு மாற்றம் சொன்னார்: ஒரு வேலையைச் செய்வதற்கு முன்பே அதற்கு எத்தனை மதிப்பெண் கிடைக்கும் என்று ஊகித்து எழுதிவிட்டு, செய்த பின் உண்மை மதிப்பெண்ணை எழுதுங்கள் என்றார். மறுநாள் விடியற்காலை மீன்பிடித் துறைமுகத்து ஏலத்தைப் பார்த்து வருவது என்று முடிவு செய்து, மகிழ்ச்சி 1 என்று ஊகித்தேன். போய் வந்த பின் 4 போட்டேன். நான்கு என்பது பெரிய மதிப்பெண் ஒன்றும் இல்லை. ஆனாலும் என் மனம் தப்பாகக் கணக்குப் போடுகிறது என்பதற்கு என் கையெழுத்திலேயே கிடைத்த முதல் சான்று அது.

மனம் சரியானால் எழுந்து வேலை பார்ப்பேன் என்று நோயாளி காத்திருக்கிறார். முடங்கிக் கிடப்பதால் மகிழ்ச்சி தரும் எதுவும் அவரை எட்டுவதில்லை. எட்டாததால் இன்னும் சோர்கிறார். சோர்வதால் இன்னும் முடங்குகிறார். இந்தச் செக்குச் சுற்றை நிறுத்தக் கையெட்டும் இடம் செயல் ஒன்றுதான் என்பதால், மனத்தைக் கேட்காமல் கடிகாரத்தைக் கேட்டு எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. வேலை மிகச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். ‘வீட்டைச் சுத்தம் செய்வேன்’ என்று எழுதினால் தோற்பீர்கள். ‘மூன்று தட்டு கழுவுவேன்’ என்று எழுதுங்கள்.

உடம்பு கொஞ்சம் நகரத் தொடங்கிய பிறகே எண்ணத்துக்கு வர வேண்டும் என்பது என் கருத்து. ‘பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்’ என்று நம் மொழியே மனச்சோர்வின் எண்ணத்தை அச்சு வார்த்துக் கையில் கொடுத்திருக்கிறது. பழமொழி என்பதால் நாம் அதைச் சோதிப்பதில்லை. சோதித்துப் பார்த்த ஒரு சகோதரியின் கதையைச் சொல்கிறேன். மகளிர் குழுவில் ஒரு மாதம் தவணை கட்ட முடியாத அவர், அடுத்த கூட்டத்துக்குப் போய்த் திரும்பி, ‘எல்லோரும் என்னைக் கேவலமாக நினைக்கிறார்கள், நான் கேவலமானவள்தான்’ என்று நோட்டில் எழுதி, அதை 90 சதவீதம் நம்புவதாகக் குறித்தார். எதிரே, அதற்குச் சான்றாக, ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டதை எழுதினார். அதற்கு மாறான சான்றைத் தேடச் சொன்னபோது நெடுநேரம் எதுவும் தோன்றவில்லை. பிறகு, இரண்டு பேர் உடம்புக்கு என்ன என்று கேட்டதும், குழுத் தலைவி தன் பக்கத்திலேயே உட்காரவைத்ததும், போன ஆண்டு இன்னொருத்தி தவணை தவறியபோது தானே அவருக்காகப் பேசியதும் நினைவுக்கு வந்தன. கடைசியில், ‘தவணை தவறிவிட்டேன், ஒருத்திக்கு என்மேல் கோபம், மற்றவர்களோடு பேசிப் பார்க்கலாம்’ என்று எழுதினார். பழைய எண்ணத்தின் மீது நம்பிக்கை 90இலிருந்து 50க்கு வந்தது. ஐம்பது மிச்சமிருந்தது; அதுவும் உண்மைதான். ஆனால் அடுத்த கூட்டத்துக்குப் போக அது போதுமானதாக இருந்தது.

கவனியுங்கள், அவருடைய கடன் அப்படியேதான் இருந்தது. கடன் உண்மை, ‘நான் கேவலமானவள்’ என்பது எண்ணம். இந்த இரண்டையும் பிரித்து வைப்பதுதான் நோட்டின் வேலை. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, வலையும் படகும் கறுத்துப் போனபோது அங்கே ஒரு மீனவர் அழுதார் என்றால், அவருடைய எண்ணத்தில் பிழை இல்லை. அவருக்கு வேண்டியது இழப்பீடும் தொழிலும். அநியாயத்தைச் சகித்துக்கொள்ளச் சொல்லும் பாடமாக யாராவது இதைக் கற்பித்தால் ஏற்காதீர்கள். நியாயம் கேட்டு மனு எழுதவும் எழுந்து உட்காரும் மனம் வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நோட்டு எல்லோருக்கும் போதாது. லேசான, நடுத்தரமான சோர்வுக்கே சுயஉதவி பொருந்தும். அதிலும், வாரம் ஒருமுறை யாராவது உடன் உட்கார்ந்து பார்த்தால் தனியாகச் செய்வதைவிட அதிகம் பலிக்கிறது. சாப்பாடும் தூக்கமும் முற்றிலும் போய்விட்டவரையும், செத்துவிடலாம் என்று ஒரே ஒரு முறை சொன்னவரையும், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஸ்டான்லி மருத்துவமனை நமக்கு நடக்கும் தூரம். 1794இல் தொடங்கிய மனநலக் காப்பகம் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேலிப் பேச்சாக்கி வைத்ததால் எத்தனை பேர் சிகிச்சைக்குப் போகத் தயங்குகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு வலிக்கிறது. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற, டெலி மானஸ் எனும் அரசு மனநல உதவிக்கான இலவச எண் இரவும் பகலும் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். தைராய்டுக் குறைவும் இதே சோர்வைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நோட்டு எழுதத் தொடங்கிவிட்டோம் என்று தாமாக அதை நிறுத்தக் கூடாது. மாலையில் மனபாரத்துக்கு என்று குடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சாராயமே மனத்தைச் சோர்வடையச் செய்யும் பொருள், மறுநாள் காலைக் கட்டத்தில் மதிப்பெண் போட்டால் நீங்களே பார்ப்பீர்கள்.

மனச்சோர்வு திரும்பி வரக்கூடியது. அதனால் நோட்டின் கடைசிப் பக்கத்தில், எனக்கு அது தொடங்கும் அறிகுறிகளை எழுதி வைத்திருக்கிறேன்: குளிப்பதைத் தள்ளிப்போடுவது, தொலைபேசி அடித்தால் எடுக்காமல் இருப்பது, நாளிதழை மடிப்புக் கலையாமல் வைத்துவிடுவது. என் மகளுக்கும் அந்தப் பக்கம் தெரியும். போன கார்த்திகையில், நான்கு நாள் நாளிதழ்கள் நாற்காலியில் அடுக்கியபடி இருந்ததைப் பார்த்த அவள், ஒன்றும் கேட்காமல் அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்து, பக்கத்தில் ஒரு பேனாவையும் வைத்துவிட்டுப் போனாள். அன்று மாலை நான்கு மணிக் கட்டத்தில் எழுதினேன்: ‘மாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுத்து வந்தேன். மகிழ்ச்சி 2, நிறைவு 3.’