பல் தீட்டியதும் வாய் கொப்பளிக்காதீர்கள்! கூசும் பல்லுக்குப் புளோரைட் பற்பசை

வணக்கம் உறவுகளே! நல்லூர்த் திருவிழாவில் ஐஸ்கிரீம் வாங்கி, முதல் கரண்டியிலேயே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரா நீங்கள்? கூச்சத்துக்கென்று விலை கூடிய பற்பசை வாங்கியும் சுகம் இல்லையா? பசையில் குறை இருக்காது. அதன் பாதிப் பலனைக் கிணற்றடியிலேயே கழுவி ஊற்றிவிடுகிறீர்கள்.

பல் ஏன் கூசுகிறது? எனாமல் என்ற கடினமான மேற்படைக்கு உள்ளே டென்டின் என்றொரு படை இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள எங்கள் காலுக்குக் கீழே கிடக்கும் சுண்ணாம்புக்கல்லே போதும். அந்தக் கல்லில் உள்ள ஓட்டைகள் வழியாகத்தான் யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர் நகர்கிறது. நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் அப்படி வந்தவைதான். டென்டினிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள், அவற்றுக்குள் திரவம். எனாமல் தேய்ந்தாலோ முரசு (ஈறு) கீழிறங்கினாலோ துளைகள் வெளியே திறந்துவிடும். குளிர் பட்டதும் திரவம் அசையும், நரம்பு சுள்ளென்று துடிக்கும். இன்னொரு பொருத்தமும் உண்டு: சுண்ணாம்புக்கல்லைப் போலவே எனாமலும் அமிலத்தில் கரையும். புளி விட்ட கூழ், தேசிக்காய்த் தண்ணீர், சோடா எல்லாம் அதை மென்மையாக்கும். அதனால் புளிப்புச் சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்தே பல் தீட்டுங்கள். எனாமலைத் தேய்க்கும் உமிக்கரி, கரித்தூள் இரண்டையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

கூச்சப் பற்பசைகளில் சில பொட்டாசியம் நைட்ரேட்டால் நரம்பைத் தணிக்கும், சில துளைகளை அடைக்கும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமை ஆகலாம். எனாமலை உறுதியாக்கும் புளோரைட் எல்லாவற்றிலும் இருக்காது, பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். பெரியவர்களுக்கு 1350 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு புளோரைட் என்ற அளவு) வரை நல்லது.

இனித்தான் முக்கியமான இடம். பல் தீட்டி முடிந்ததும் நுரையைத் துப்புங்கள். அவ்வளவுதான்! வாளித் தண்ணீரை அள்ளி அள்ளிக் கொப்பளித்தால் பல்லில் தங்கவேண்டிய புளோரைட்டும் தண்ணீரோடு போய்விடும். முதல் சில நாட்கள் வாய் வழுவழுவென்று இருக்கும், பழகிவிடும். இரவில் எச்சில் குறைவாகச் சுரப்பதால் படுக்கப்போகும் முன் தீட்டுவதைத் தவறவிடாதீர்கள்.

"புளோரைட் நஞ்சல்லவா?" என்று பலர் கேட்கிறார்கள். அநுராதபுரப் பக்கம் கிணற்று நீரில் புளோரைட் கூடிப் பற்களில் கறை விழுந்தது உண்மை. சரி, கணக்குப் பார்ப்போம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு லீட்டருக்கு 1.5 மில்லிகிராம். 1450 பிபிஎம் பற்பசை ஒரு கிராமில் 1.45 மில்லிகிராம். விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறக்குறைய ஒரு கிராம் வரும். அதைப் பிள்ளை விழுங்கினால், அந்த உச்ச அளவில் உள்ள ஒரு லீட்டர் தண்ணீரைக் குடித்த கணக்கு! நீங்கள் துப்பிவிடுகிறீர்கள், சின்னப் பிள்ளை விழுங்கிவிடும். பயப்படவேண்டிய இடம் அதுதான். நிரந்தரப் பற்கள் உள்ளே உருவாகும் வயதில் நாளும் இப்படி விழுங்கினால் கறை வரும். அதற்காகப் புளோரைட்டையே நிறுத்தினால் சூத்தைப்பல் வரும். மூன்று வயதுக்குள் ஓர் அரிசியளவு, மூன்று முதல் ஆறு வரை ஒரு பட்டாணியளவு. பசையைப் பிதுக்குவது நீங்களாக இருங்கள், அம்மம்மாவிடம் விட்டாலும் அளவைக் காட்டிவிட்டுப் போங்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே பல் கூசினால் பல் வைத்தியரைக் கேட்காமல் கூச்சப் பற்பசை கொடுக்கவேண்டாம்.

சூடு பட்டு நெடுநேரம் வலித்தாலோ, இரவில் தானாக வலி எழுப்பினாலோ, நான்கு கிழமையாகியும் கூச்சம் குறையாவிட்டாலோ பசையை மாற்றி மாற்றிப் பார்க்காமல் அரச வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இப்போதே எழும்பிப் போய் உங்கள் பற்பசையில் எத்தனை பிபிஎம் என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். எழுத்து மிகச் சின்னதாக இருக்கும், கைபேசியில் படமெடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள்.