நான்கு முறை பிடித்தார்கள், மூன்று முறை திருப்பிக் கொடுத்தார்கள்: கொலோனியா டெல் சாக்ரமெண்டோவின் கதை

நேயர்களுக்கு வணக்கம்.

உருகுவே நாட்டின் தென்மேற்குக் கரையில், பிளாட்டா ஆற்றுக்குள் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய முனையில் கொலோனியா டெல் சாக்ரமெண்டோ என்ற ஊர் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 26,000. பழைய பகுதியை அரை மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். ஆற்றுக்கு அக்கரையில், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளி, அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸ். இந்த ஊரைப் போர்த்துகீசியர் நிறுவியது 1680இல். அடுத்த 97 ஆண்டுகளில் ஸ்பானியர் இதை நான்கு முறை ஆயுதத்தால் பிடித்தார்கள். அதில் மூன்று முறை ஐரோப்பாவில் கையெழுத்தான உடன்படிக்கைகள் இதைப் போர்த்துகீசியருக்கே திருப்பித் தந்துவிட்டன. இவ்வளவு சின்ன ஊருக்கு ஏன் இத்தனை இழுபறி என்பதற்கான பதில், கோட்டையில் இருப்பதைவிட வணிகக் கணக்கில்தான் அதிகம் இருக்கிறது.

அன்றைய ஸ்பானியச் சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். அன்று ஸ்பானியர் ஆட்சியில் இருந்த புவெனஸ் ஐரிஸ் கடல் பக்கம் பார்த்த துறைமுகம்தான். ஆனாலும் அதன் வழியாக நேரடி வணிகம் நடத்தப் பொதுவாக அனுமதி இல்லை. சட்டப்படி ஒரு துணிமூட்டை ஸ்பெயினின் செவில்யாவில் கப்பலேறி, பனாமா நிலச்சந்தியின் கரையில் இறங்கி, கோவேறு கழுதை முதுகில் மறுகடலுக்குப் போய், மறுபடி கப்பலேறி பெருவின் லிமாவை அடைந்து, அங்கிருந்து ஆண்டிஸ் மலை ஏறி இறங்கி புவெனஸ் ஐரிஸுக்கு வரவேண்டும். எப்போதாவது சிறப்பு உரிமம் பெற்ற ஓரிரு கப்பல்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. போதாததற்கு, ஆற்றுமுகம் வழியாகச் சரக்கு உள்நாட்டுக்குக் கசிந்துவிடக் கூடாது என்று 1622இல் கோர்டோபாவில் ஓர் உள்நாட்டுச் சுங்கச்சாவடியும் வைத்தார்கள். லிமா வணிகர்களின் ஏகபோகத்தைக் காக்கத்தான் இத்தனையும்.

மறுபக்கம் போர்த்துகீசியர் ஆண்ட பிரேசிலின் நிலை. 1580 முதல் 1640 வரை ஸ்பெயின், போர்த்துகல் இரண்டு நாடுகளுக்கும் ஒரே அரசர். அந்த அறுபது ஆண்டுகளில் போர்த்துகீசிய வணிகர்கள் புவெனஸ் ஐரிஸில் தாராளமாகப் புழங்கினார்கள். அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களையும் சர்க்கரையையும் விற்று, இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசிச் சுரங்கத்து வெள்ளியை வாங்கிப் போனார்கள். 1640இல் போர்த்துகல் பிரிந்ததும் அந்த வாசல் அடைபட்டது. பிரேசிலில் தங்கம் அகப்பட்டது 1690களில்தான். 1670களில் அங்கே காசுக்குப் பெரும் தட்டுப்பாடு. கரீபியத் தீவுகளின் போட்டியால் சர்க்கரை விலையும் சரிந்திருந்தது. ஆக, வெள்ளி வேண்டும் என்றால் பிளாட்டா ஆற்றுக்குத் திரும்பியாக வேண்டும். பூட்டிக் கிடக்கும் சந்தைக்கு எதிர்வாடையில் ஒரு கடை போடுவதுபோல, புவெனஸ் ஐரிஸுக்கு நேர் எதிரே ஓர் ஊரைப் போடுவது என்று லிஸ்பன் முடிவு செய்தது.

சட்டத்துக்கு ஒரு சாக்கும் கிடைத்திருந்தது. 1676இல் போப்பாண்டவர் ரியோ டி ஜெனீரோவை மறைமாவட்டம் ஆக்கியபோது, அதன் தெற்கு எல்லை பிளாட்டா ஆறு வரை என்று எழுதியிருந்தார். திருச்சபை எல்லை அரசின் எல்லை ஆகாது என்பது லிஸ்பனுக்குத் தெரியாததல்ல. ஆனால் வாதாட அது போதும்.

ரியோவின் ஆளுநர் மானுவல் லோபோ 1679 கடைசியில் கப்பல்களோடு கிளம்பி, 1680 ஜனவரியில் சான் கப்ரியேல் தீவுக்கு எதிரே இருந்த முனையில் இறங்கினார். இடத்தேர்வில் பிழை சொல்ல முடியாது. பிளாட்டா, பெயரளவில் ஆறு. பார்வைக்குக் கலங்கிய கடல். ஆனால் ஆழம் மிகக் குறைவு, எங்கும் மணல்திட்டு. தென்கிழக்குக் காற்று அடித்தால் நீர்மட்டம் ஏறும். வடக்கிலிருந்து காற்று நிலைத்து வீசினால் நீர் வடிந்து படகு தரைதட்டும். புவெனஸ் ஐரிஸ் கரையில் பெரிய கப்பல் அணையவே முடியாது. தொலைவில் நங்கூரமிட்டு, சரக்கைப் படகில் மாற்றி, பிறகு உயரமான சக்கரங்கள் கொண்ட வண்டிகளைத் தண்ணீருக்குள்ளேயே ஓட்டிவந்து இறக்குவார்கள். வடகரையிலோ நீர் ஆழம் கூடுதல். தீவுகள் காற்றுக்கு ஓரளவு மறைப்பு. முனையின் மூன்று பக்கமும் தண்ணீர் என்பதால் நிலம் சேரும் குறுகிய இடத்தில் மட்டும் மதில் எழுப்பினால் போதும்.

கோளாறு இருந்தது வேறிடத்தில். மிக அருகிலிருந்த பெரிய போர்த்துகீசியத் துறைமுகம் கடல்வழியில் பல நாள் பயணத் தொலைவு. உதவி வருவதற்குள் எதிரி வந்துவிடுவான். அப்படியேதான் நடந்தது. புவெனஸ் ஐரிஸ் ஆளுநர் ஹோசே டி கார்ரோ படை திரட்டினார். ஸ்பானியர் சில நூறு பேர்தான். படையின் முதுகெலும்பு சேசு சபைத் துறவிகள் பழங்குடிகளுக்காக நடத்திய குடியிருப்புகளான மறைத்தளங்களிலிருந்து வந்த, குவாரனி என்னும் பழங்குடியைச் சேர்ந்த சுமார் 3,000 வீரர்கள். 1680 ஆகஸ்ட் 6, 7 இரவில் மதில் ஏறிக் கோட்டையைப் பிடித்தார்கள். ஊர் தோன்றி ஏழு மாதம்கூட ஆகவில்லை. சிறைப்பட்ட லோபோ 1683இல் புவெனஸ் ஐரிஸிலேயே இறந்தார்.

ஆனால் மாட்ரிட் அப்போது ஐரோப்பாவில் போர் வேண்டாம் என்ற நிலையில் இருந்தது. 1681 மே மாதம் லிஸ்பனில் கையெழுத்தான தற்காலிக உடன்படிக்கை ஊரைத் திருப்பித் தந்தது. நிலம் உண்மையில் யாருடையது என்பதை இரு தரப்பு நிபுணர்களும் அளந்து சொல்லட்டும் என்றும் அதில் இருந்தது. 1494இன் டோர்டெசியாஸ் உடன்படிக்கைப்படி, கேப் வெர்டே தீவுகளுக்கு மேற்கே 370 லீக் தொலைவில் வடக்குத் தெற்காக ஒரு கோடு. கிழக்கே போர்த்துகலுக்கு, மேற்கே ஸ்பெயினுக்கு. எந்தத் தீவிலிருந்து அளப்பது? போர்த்துகீசியர் மேற்குக் கோடியில் உள்ள தீவிலிருந்து என்றார்கள். ஸ்பானியர் தீவுக்கூட்டத்தின் நடுவிலிருந்து என்றார்கள். நடுவிலிருந்து அளந்தால் கோடு கிழக்கே நகரும், கொலோனியா ஸ்பானியப் பக்கம் விழும். அதைவிட அடிப்படையான சிக்கல், கடலில் தீர்க்கரேகையைத் துல்லியமாகக் கணிக்கும் வழியே அன்று கிடையாது. எல்லையோர ஊர்களான படஹோஸ், எல்வாஷ் இரண்டிலும் மாறி மாறிக் கூடிய கணித அறிஞர்கள் முடிவு காணாமலே கலைந்தார்கள்.

1683இல் போர்த்துகீசியர் திரும்பி வந்தார்கள். அதன்பின்தான் உண்மையான ஊர் வளர்ந்தது. ரியோவிலிருந்து வரும் கப்பலில் சர்க்கரை, புகையிலை, கரும்புச் சாராயம், ஐரோப்பியத் துணி இருக்கும். அடிமைகளாக விற்கப்பட இருந்த ஆப்பிரிக்கர்களும் இருப்பார்கள். அவை சிறு படகுகளுக்கு மாறி, இரவில் பரானா ஆற்றுக் கழிமுகத்தின் கிளைவாய்க்கால்களுக்குள் நுழையும். புவெனஸ் ஐரிஸ் அதிகாரிகள் பலர் இதில் பங்குதாரர்கள். கையூட்டு இந்த வணிகத்தில் வழக்கமான செலவு. பதிலுக்கு வந்தது வெள்ளி நாணயமும் மாட்டுத்தோலும்.

தோல் கிடைத்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்பானியர் கொண்டுவந்து விட்ட மாடுகள் வடகரைப் புல்வெளியில் காட்டு மந்தைகளாகப் பெருகியிருந்தன. குதிரைவீரன் நீண்ட கழியின் நுனியில் பிறை வடிவக் கத்தியைக் கட்டிக்கொண்டு, ஓடும் மாட்டின் பின்னங்கால் நரம்பை வெட்டுவான். மாடு விழுந்ததும் அடுத்த மாட்டை நோக்கிப் போய்விடுவான். பின்னால் வருபவர்கள் கொன்று உரிப்பார்கள். தோலும் கொழுப்பும் நாக்கும் போக மீதி இறைச்சி அங்கேயே கிடந்து அழுகும். உரித்த தோலைத் தரையில் முளையடித்து இழுத்துக்கட்டி வெயிலில் காயவைப்பார்கள். சுருக்கம் விழுந்தாலோ மழையில் நனைந்தாலோ விலை போகாது. கிடங்கில் அடுக்கிய பிறகும் நிம்மதி இல்லை. அந்துப்பூச்சி ஏறாமலிருக்க அடிக்கடி எடுத்து, கழியால் தட்டி, மாற்றி அடுக்க வேண்டும். கப்பல் தாமதமானால் பூச்சி தின்றதுபோக மிஞ்சியதுதான் லாபம்.

இரண்டாவது முறை ஊர் வீழ்ந்தது ஸ்பானிய வாரிசுரிமைப் போரில். 1704 அக்டோபரில் முற்றுகை தொடங்கியது. மறுபடியும் பெரும்பகுதி குவாரனி வீரர்கள், இம்முறை சுமார் 4,000 பேர். 1705 மார்ச்சில் போர்த்துகீசியர் கப்பலேறிப் போனார்கள். 1715இல் உத்ரெக்ட் உடன்படிக்கை ஊரைத் திருப்பித் தந்தது. ஊரோடு சேர்ந்த நிலப்பரப்பு எவ்வளவு என்பதைத் தெளிவாக எழுதாமல் விட்டதுதான் அடுத்த அறுபது ஆண்டுச் சண்டைக்கு வித்து. கோட்டைப் பீரங்கியின் குண்டு விழும் தூரம் வரைதான் உங்களுக்கு என்றது ஸ்பெயின். கரை முழுதும் எங்களுக்கு என்றது போர்த்துகல். மேய்ச்சல் நிலம் இல்லாவிட்டால் தோல் இல்லை, விறகு இல்லை, கோதுமை இல்லை. 1718இல் போர்த்துகலின் வடகிழக்கு மாவட்டமான ட்ராஸ்-உஸ்-மோன்தெஸிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்தியது உழவு செய்யத்தான். பீரங்கிக் குண்டுக்கு அப்பால் உழப் போனால் ஸ்பானியக் காவல்படை மாட்டையும் ஆளையும் ஓட்டிக்கொண்டு போய்விடும். 1723இல் போர்த்துகீசியர் மொண்டேவிடியோ விரிகுடாவில் இரண்டாவது கால் ஊன்றப் பார்த்ததும், புவெனஸ் ஐரிஸ் ஆளுநர் சபாலா அவர்களை விரட்டிவிட்டு அங்கே ஸ்பானிய ஊரை எழுப்பினார். இன்றைய உருகுவேயின் தலைநகர் பிறந்தது இந்தத் தகராறில்தான்.

1735இல் தொடங்கிய முற்றுகை இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக நீடித்தது. ஸ்பானியர் தோற்ற ஒரே முற்றுகை இது. காரணம் கடல்வழி. கொலோனியாவின் போர்த்துகீசிய ஆளுநர் அந்தோனியோ பெட்ரோ டி வாஸ்கொன்செலோஸ் உள்ளே தாக்குப்பிடிக்க, ரியோவிலிருந்து கப்பல்கள் உணவும் வெடிமருந்தும் கொண்டுவந்தபடி இருந்தன. இன்றுள்ள கோட்டைவாசல், 1745இல் அவர் கட்டியது.

இந்த வரலாற்றில் எனக்கு மிகக் கொடூரமாகப் படுவது 1750இன் மாட்ரிட் உடன்படிக்கை. போர்த்துகல் கொலோனியாவை விட்டுக்கொடுக்கும். பதிலுக்கு உருகுவே ஆற்றுக்குக் கிழக்கே உள்ள ஏழு குவாரனி மறைத்தளங்கள் போர்த்துகலுக்கு. அங்கே வாழ்ந்த சுமார் 30,000 பேர் வீடு, தேவாலயம், தேயிலைபோல் காய்ச்சிக் குடிக்கும் மாத்தே இலைத் தோட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆற்றைக் கடந்து போக வேண்டும். ஸ்பானிய அரசருக்காக இதே கொலோனியாவை 1680இலும் 1705இலும் பிடித்துக் கொடுத்தவர்கள் யார்? அந்த மக்களின் பாட்டன்மார்தான். இப்போது அந்த ஊருக்கு விலையாக அவர்களுடைய நிலத்தையே கொடுத்தார்கள். அவர்கள் மறுத்து எழுந்தார்கள். இரு அரசுகளின் படைகளும் சேர்ந்து வந்தன. 1756 பிப்ரவரி 7 அன்று தலைவர் செப்பே தியாராஜு கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்து கைபொவாத்தே களத்தில் சுமார் 1,500 குவாரனிகள் மாண்டார்கள். 1761இல் அந்த உடன்படிக்கையையே ரத்து செய்துவிட்டார்கள். கொலோனியாவைப் போர்த்துகல் கடைசிவரை கொடுக்கவும் இல்லை.

1762இல் ஏழாண்டுப் போர் பிளாட்டாவுக்கு வந்தது. புவெனஸ் ஐரிஸ் ஆளுநர் பெட்ரோ டி செவாயோஸ் அக்டோபரில் முற்றுகையிட்டு ஊரைப் பிடித்தார். அதே அக்டோபரில்தான் சென்னையிலிருந்து புறப்பட்ட ஆங்கிலப் படை ஸ்பானியரிடமிருந்து மணிலாவைப் பிடித்தது. ஒரே போரின் இரு கோடிகள். அடுத்த ஜனவரி 6 அன்று ஆங்கில, போர்த்துகீசியக் கப்பல்கள் ஊரை மீட்க வந்தன. முன்னால் நின்ற ஆங்கிலக் கப்பலின் பெயர் லார்ட் கிளைவ். ஆம், ஆற்காட்டு முற்றுகையின் கிளைவ்தான். கோட்டைக்கு மிக அருகில் நின்று பல மணி நேரம் சுட்ட கப்பல் தீப்பற்றி வெடித்து மூழ்கியது. தலைவர் மக்னமாராவும் பெரும்பாலான மாலுமிகளும் இறந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் 1763இல் பாரிஸ் உடன்படிக்கை ஊரைப் போர்த்துகலுக்கே தந்தது.

செவாயோஸ் அதை மறக்கவில்லை. 1776இல் பிளாட்டா தனி வைசிராய் ஆட்சிப்பகுதி ஆனபோது அவரே முதல் வைசிராய். 9,000க்கு மேற்பட்ட வீரர்களோடு வந்து, 1777 பிப்ரவரியில் முதலில் பிரேசில் கரையின் சாந்தா கத்தரினா தீவைப் பிடித்தார். கொலோனியாவுக்கு உதவி வரும் வழி அதோடு அறுந்தது. உணவு தீர்ந்த ஊர் ஜூனில் சரணடைந்தது. மறுபடி திருப்பிக் கொடுத்தாலும் பயன்படாதபடி மதில்களை இடித்தார், துறைமுக வாயிலில் கப்பல்களை மூழ்கடித்து அடைத்தார். அக்டோபரில் சான் இல்டெபொன்சோ உடன்படிக்கை ஊரை ஸ்பெயினுக்கே உறுதி செய்தது.

மதில் இடிந்ததைவிட ஊரை உண்மையில் முடித்தது 1778இன் வணிக ஒழுங்குமுறை என்பது என் கருத்து. புவெனஸ் ஐரிஸ் இனி ஸ்பெயினோடு நேரடியாக வணிகம் செய்யலாம் என்று ஆனதும், ஆற்றைக் கடந்து திருட்டுச்சரக்கு வாங்க வேண்டிய அவசியம் பெருமளவு போயிற்று. ஊர் வளராமல் நின்றது. வளராததால்தான் பழைய தெருக்கள் தப்பின.

அங்கே போகிறவர்கள் யார் கட்டியது எது என்று எளிதாகப் பிரித்தறியலாம். கல் சுவர், சரிந்த ஓட்டுக்கூரை, தாழ்ந்த வாசல் இருந்தால் போர்த்துகீசிய வீடு. செங்கல் சுவர், தட்டையான மாடி இருந்தால் பிற்கால ஸ்பானிய வழி வீடு. தெருவிலும் அப்படியே: இரு ஓரமும் உயர்ந்து நடுவில் வாய்க்கால் ஓடினால் போர்த்துகீசியர் போட்ட தெரு, பெருமூச்சுத் தெரு என்று அழைக்கப்படும் சரிவான கல்தெரு இந்த வகை. நடு உயர்ந்து தண்ணீர் ஓரங்களில் ஓடினால் ஸ்பானிய வழக்கம். ஸ்பானிய ஊர்களின் சதுரக் கட்டம் இங்கே பழைய பகுதியில் கிடையாது. முனையின் வடிவத்துக்கும் காவல் தேவைக்கும் ஏற்றபடி தெருக்கள் வளைகின்றன.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கோட்டைவாசலும் அதையொட்டிய மதிலும் 1968 முதல் 1971 வரை மீட்டுக் கட்டியவை. அடித்தளம் பழையது, மேலே பார்ப்பதில் பெரும்பகுதி புதியது. தேவாலயமும் அப்படித்தான்: 1823இல் உள்ளே சேமித்திருந்த வெடிமருந்தில் இடி விழுந்து சிதறியதைப் பின்னர் எடுத்துக் கட்டினார்கள். கலங்கரை விளக்கம் 1857இல், பிரான்சிஸ் சவேரியார் மடத்தின் இடிபாடுகளை ஒட்டி எழுந்தது. யுனெஸ்கோ 1995இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இந்தக் கலவையைத்தான். புவெனஸ் ஐரிஸிலிருந்து விரைவுப் படகில் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம்; கடவுச்சீட்டும் சுங்கச் சோதனையும் உண்டு.

நன்றி, வணக்கம்.