கேனுக்கு ஒரு முகம்

நண்பர்களே, வணக்கம். ஒரு பிளாஸ்டிக் கேனிலிருந்து தொடங்குகிறேன். பெட்ரோல் வாங்கி வருவோமே, அந்தக் கேன். அதன் அடிப்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, கைப்பிடி இருக்கும் மேல்பக்கத்தை உங்களைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். கைப்பிடி மூக்காகிவிடும். ஊற்றும் துவாரம் திறந்த வாயாகிவிடும். ஒரு தடவை அப்படிப் பார்த்துவிட்டால், அப்புறம் அது கேனாகவே தெரியாது.

இந்த முகத்தை உலகத்துக்குக் காட்டியவர் ரோமுவால்ட் ஹசூமே. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுக்காரர். 1962ல் போர்ட்டோ நோவோவில் பிறந்தார். வளர்ந்தது கத்தோலிக்கக் குடும்பத்தில், பூர்வீகம் யொரூபா இனம், வோடூன் வழிபாட்டோடும் தொடர்பு விடவில்லை. பேய்ப்படங்கள் நமக்குக் காட்டிய ‘வூடூ’வை மறந்துவிடுங்கள். வோடூன் அங்கே வாழும் மதம். ஜனவரியில் அதற்கென அரசு விடுமுறையே உண்டு. போர்ட்டோ நோவோவின் பெரிய மசூதியைப் பார்த்தால் தேவாலயம் என்றுதான் நினைப்பீர்கள். பிரேசிலில் அடிமைகளாக இருந்து திரும்பியவர்களின் வழிவந்தோர், அங்கே பழகிய தேவாலயத்தின் சாயலில் கட்டியது அது. இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவரிடம் போய் ‘உங்கள் அசல் ஆப்பிரிக்கக் கலை எது?’ என்று கேட்டால் அவர் எதைக் காட்டுவார்? கலந்து கிடப்பதுதான் அங்கே அசல்.

சரி, கேனுக்கு வருவோம். பக்கத்து நாடான நைஜீரியாவில் பெட்ரோல் வெகுகாலம் மலிவாக இருந்தது. அதைக் கேன்களில் நிரப்பி, மோட்டார் சைக்கிளில் சுற்றிலும் கட்டிக்கொண்டு, எல்லை தாண்டிக் கடத்தி வருவார்கள். ஒரு பொறி பட்டால் வண்டியும் ஆளும் சாம்பல். இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கட்டும் என்று கேனை நெருப்பில் காட்டி உப்ப வைப்பார்கள். பிளாஸ்டிக் மெலிந்துகொண்டே போகும். தாங்கும் வரை சுமக்கும், ஒரு நாள் வெடிக்கும், குப்பைக்குப் போகும். ஹசூமே இதில் அடிமையின் உடம்பைப் பார்த்தார். தன் காலத்தில் அந்த வண்டியை ஓட்டிய இளைஞனின் உடம்பையும் பார்த்தார்.

1997 முதல் 2005 வரை அவர் உருவாக்கிய படைப்பின் பெயர் ‘லா பூஷ் டு ருவா’. ‘அரசனின் வாய்’ என்று பொருள். தரையில் 304 கேன் முகங்கள், கப்பல் வடிவத்தில் நெருக்கி அடுக்கியிருக்கும். இந்த வடிவம் சும்மா வந்ததில்லை. 1789ல் லண்டனில் ‘புரூக்ஸ்’ என்ற அடிமைக் கப்பலின் வரைபடம் ஒன்றை அச்சிட்டுப் பரப்பினார்கள். கீழ்த்தளத்தில் மனிதர்களை எப்படி அடுக்கினார்கள் என்பதைக் காட்டும் படம். அடிமை வணிகத்தை எதிர்த்தவர்கள் வெளியிட்டது, நல்ல எண்ணத்தோடு செய்த காரியம். ஆனாலும் அந்தப் படத்தில் இருப்பவர்களில் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்து அறிய முடியாது. மூட்டைபோல அடுக்கிய கறுப்பு உருவங்கள், அவ்வளவுதான்.

ஹசூமே அந்த உருவங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் கொடுத்தார். கூர்ந்து பார்த்தால் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஒன்று நசுங்கியிருக்கும், ஒன்று வெளுத்திருக்கும். சிலவற்றில் யொரூபா தெய்வங்களை நினைவூட்டும் சிறு பொருள்கள் சேர்ந்திருக்கும். அந்த ஆள் எந்தச் சாமியைக் கும்பிட்டவர் என்பதும் கூடவே கப்பலேறுகிறது. முகங்களுக்கு நடுவிலிருந்து குரல்கள் எழும். ஆப்பிரிக்க மொழிகளில் பெயர்களைச் சொல்லும் குரல்கள். புகையிலை வாசமும் மசாலா வாசமும் வரும். ஐரோப்பிய மியூசியங்களின் கண்ணாடிப் பெட்டிகளில் ஆப்பிரிக்க முகமூடிகள் எத்தனையோ இருக்கின்றன. ஆட்டமும் தாளமும் பிடுங்கப்பட்டு, பேசாமல் தொங்குகின்றன. இந்தப் பிளாஸ்டிக் முகமூடிகள் பேசுகின்றன.

எனக்கு இந்தப் படைப்பின் மேல் பெரிய மரியாதை வந்த இடம் அதன் பின்முனை. அங்கே ஒரு மஞ்சள் முகம், ஒரு கறுப்பு முகம், நடுவில் ஒரு தராசு. மஞ்சள், வெள்ளைக்கார ஆட்சியாளர். கறுப்பு, ஆப்பிரிக்க அரசர். இன்றைய பெனினில் இருந்த தஹோமி நாட்டின் அரசர்கள், போரில் பிடித்தவர்களை ஊய்தா துறைமுகத்தில் விற்றவர்கள். காலனியத்தைக் கண்டித்துவிட்டு, தன் வீட்டுக் கணக்கை மறைத்துவிடுவது எளிது. ஹசூமே அதைச் செய்யவில்லை. இரண்டு பேரையும் ஒரே தராசுக்கு முன்னால் உட்கார வைத்தார்.

அந்தத் தராசிலே நம் பக்கத்துச் சரக்கும் ஏறியிருக்கிறது என்பதைச் சொல்லாமல் போக முடியாது. மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை விலைபேசிய சோழிகள் பெரும்பாலும் மாலத்தீவிலிருந்து போனவை. சோழமண்டலக் கரையில் நம் நெசவாளர்கள் நெய்த துணி அந்தக் கரைகளில் பணம்போலவே செல்லுபடியானது. நெய்தவருக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நமக்குத் தெரியும்.

கடைசியாக, ‘அரசனின் வாய்’ என்ற அந்தப் பெயர். பெனின் கடற்கரையில் அப்படி ஓர் இடம் உண்மையாகவே இருக்கிறது. மோனோ ஆறு கடலில் சேரும் இடம். போர்த்துகீசியர்கள் அதை ‘ஆற்றின் வாய்’ என்றார்கள். பிரெஞ்சுக்காரர்களின் காதில் ‘ஆறு’ என்ற சொல் ‘அரசன்’ ஆகிவிட்டது. தமிழில் அப்படிப்பட்ட இடத்துக்கு முகத்துவாரம் என்று பெயர். முகமும் இருக்கிறது, துவாரமும் இருக்கிறது. ஹசூமேயின் கேனை முதன்முதலில் படத்தில் பார்த்தபோது எனக்கு இந்தச் சொல்தான் வந்தது.

அடிமை வணிகத்தை பிரிட்டன் சட்டத்தால் தடை செய்து 200 ஆண்டு ஆன 2007ல், பிரிட்டிஷ் மியூசியம் இந்தப் படைப்பை வாங்கி மற்ற ஊர்களுக்கும் அனுப்பியது. போன ஊர்களில் லிவர்பூலும் பிரிஸ்டலும் உண்டு. ஒரு காலத்தில் அடிமைக் கப்பல்கள் புறப்பட்ட துறைமுகங்கள். அந்த ஊர்களில் 304 வாய்கள் திறந்தபடி தரையில் கிடந்தன, ஜனங்கள் சுற்றி நின்று பெயர்களைக் கேட்டார்கள்.