வேட்பாளர் எந்தக் கோயில்? தேர்தலில் மதம் பரீட்சையாகும் கதை

(திரையில்: திருகோணமலை நகரம், மதில் நிறையத் தேர்தல் சுவரொட்டிகள்.)

வணக்கம். திருமலையில் ஒருவர் தேர்தலுக்கு நிற்கிறார் என்று கதை அடிபட்டதும் தேத்தண்ணீர்க் கடையில் முதலில் வரும் கேள்வி எல்லாருக்கும் தெரியும். "ஆள் சைவமா, வேதமா, முஸ்லிமா?" (வேதம் என்றால் கிறிஸ்தவம்.) கட்சி, கொள்கை, இதுவரை என்ன செய்தார் என்பதெல்லாம் அப்புறம்தான்.

இன்றைக்கு அந்தக் கேள்வியைத்தான் பார்க்கப்போகிறோம். ஒருவருடைய கடவுள் நம்பிக்கை எப்படிப் பதவிக்கான பரீட்சையாகிறது? நம்முடைய மாவட்டத்தில் அது ஏன் இவ்வளவு வேலை செய்கிறது?

(திரையில்: அரசியலமைப்பின் 9, 10, 12, 90, 91ஆம் உறுப்புரைகள்.)

முதலில் சட்டம். யார் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகலாம், யார் ஆகமுடியாது என்பதை 1978 அரசியலமைப்பின் 90ஆம் 91ஆம் உறுப்புரைகள் சொல்கின்றன. தேடிப் பாருங்கள், மதம் அதில் இல்லை. 10ஆம் உறுப்புரை மதச் சுதந்திரத்தைத் தருகிறது. மதத்தின் பேரில் பாரபட்சம் காட்டாதே என்கிறது 12ஆம் உறுப்புரை. 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது என்பது உண்மை. ஆனால் ஜனாதிபதி பௌத்தராக இருக்கவேண்டும் என்று அதுகூடக் கேட்கவில்லை. இருந்தும் அந்தக் கதிரையில் நிறைவேற்று அதிகாரத்தோடு இருந்த அத்தனை பேரும் பௌத்தர்கள். எழுதாத சட்டத்தை மீறத்தான் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

ஒருகாலத்தில் இதை எழுதியே வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் 1673ல் ஒரு சட்டம் வந்தது. அரச பதவி வேண்டுமா? இங்கிலாந்துத் திருச்சபையில் நற்கருணை வாங்கு, கத்தோலிக்கக் கோட்பாட்டை மறுத்துக் கையெழுத்துப் போடு. இந்த மாதிரிப் பரீட்சையே வேண்டாம் என்று அமெரிக்கர்கள் 1787ல் தங்கள் அரசியலமைப்பின் 6ஆம் உறுப்புரையில் எழுதிவிட்டார்கள். அப்படி எழுதியும், மேரிலாந்து மாநிலத்தில் ஒருவர் நொத்தாரிசாக, அதாவது பத்திரங்களை உறுதிப்படுத்தும் அலுவலராக, வரவேண்டுமானால் கடவுள் இருக்கிறார் என்று சொல்லித்தான் ஆகவேண்டும் என்ற விதி 1961 வரை கிடந்தது. ஒருவர் சொல்லமாட்டேன் என்று வழக்குப் போனபிறகுதான் அவர்களுடைய அதியுயர் நீதிமன்றம் அதை வெட்டியது.

(திரையில்: பிரெட்ரிக் கோட்டை வாசல்.)

அவ்வளவு தூரம் ஏன் போவான்? கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் இந்தக் கோட்டை வாசலால்தான் போகிறோம். ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரத்தை ஆண்ட காலத்தில் முதலியார் மாதிரியான பதவி வேண்டுமென்றால் அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் வாங்கியிருக்கவேண்டும். கத்தோலிக்கருக்குக் கதவு அடைப்பு. பலன் என்ன? தோம்பில், அதாவது ஒல்லாந்தரின் பதிவேட்டில், பெயர் கிறிஸ்தவர், வீட்டுக்குள்ளே பழைய சாமி. பரீட்சை வைத்தவர்களுக்கு விசுவாசிகள் கிடைக்கவில்லை, நடிகர்கள் கிடைத்தார்கள். பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள், 1795ல் திருகோணமலை அவர்கள் கைக்குப் போனது. 1806ல் ஆளுநர் மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். சுவாரசியம் என்னவென்றால், இங்கிலாந்திலேயே கத்தோலிக்கர் பாராளுமன்றத்துக்குள் போக வழி திறந்தது 1829ல்தான்!

சரி, எழுதிய பரீட்சை போய்விட்டது. எழுதாதது எப்படி வந்தது?

1879ல் சேர் முத்துக்குமாரசுவாமி இறந்தபோது சட்டநிரூபண சபையில் தமிழருக்கான இடம் காலியானது. அப்போது வாக்கெடுப்புக் கிடையாது, ஆளுநர் நியமிப்பார். பேசப்பட்ட பெயர்கள் இரண்டு: கிறிஸ்தவரான கிறிஸ்தோபர் பிரிட்டோ, சைவரான பொன்னம்பலம் இராமநாதன். ஆறுமுக நாவலர் கூட்டம் கூட்டி இராமநாதன் பக்கம் நின்றார். இராமநாதனுக்கே கிடைத்தது. வாக்கு என்ற ஒன்று வருவதற்கு முன்பே கேள்வி வந்துவிட்டது, பாருங்கள்.

1931ல் டொனமூர் அரசியலமைப்போடு சர்வசன வாக்குரிமை வந்தது. அதுவரை ஆங்கிலப் பள்ளியும் அங்கிலிக்கன் சபையும் மேலே ஏறப் படியாக இருந்தன. இனிக் கிராமத்து வாக்கு வேண்டும். அந்தக் காலத்தில் பௌத்தத்துக்கு மாறிய பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு 'டொனமூர் பௌத்தர்' என்று ஒரு பட்டமே கிடைத்தது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா அங்கிலிக்கன் குடும்பத்தில் பிறந்தவர். ஜே. ஆர். ஜயவர்தனாவும் அப்படித்தான். இவர்கள் மனதார மாறினார்களா, கணக்குப் பார்த்து மாறினார்களா என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஒரு பரீட்சை இருக்கிற இடத்தில் உண்மையான மாற்றத்துக்கும் சந்தேகம் ஒட்டிக்கொள்ளும், அதுதான் அதன் கேடு.

எதிர் உதாரணமும் நம்மிடம் உண்டு. தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வா கிறிஸ்தவர். அவர் நின்ற காங்கேசன்துறை சைவர் நிறைந்த தொகுதி. 1952ல் தோற்றார். 1956லிருந்து கடைசிவரை அதே தொகுதியில் வென்றார். 1956 ஆகஸ்டில் சமஷ்டி கோரி அவருடைய கட்சி மாநாடு நடத்தியது இதே திருகோணமலையில். மொழி உரிமை என்ற கேள்வி பெரிதாக நின்றபோது மதக் கேள்வி பின்வாங்கிவிட்டது. மறைந்துவிடவில்லை. இந்து வாக்கு இந்து வேட்பாளருக்கே என்ற பிரசாரம் வடக்கில் அண்மைக் காலத்திலும் கேட்டதுதான்.

(திரையில்: மாவட்ட வரைபடம். திருகோணமலை, மூதூர், சேருவில.)

இப்போது நம்முடைய மாவட்டம். 2012 கணக்கெடுப்பில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 42 பேரளவில். பௌத்தர்களும் இந்துக்களும் ஆளுக்கு 26 அளவில். மிச்சம் கிறிஸ்தவர்கள். தனியே நின்று பாதியைத் தாண்ட யாராலும் முடியாது. பாராளுமன்ற ஆசனமோ 4.

பழைய தொகுதி முறையில் இந்தப் பரீட்சையை எல்லைக்கோட்டிலேயே வைத்துவிட்டார்கள். 1960லிருந்து மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதி. தமிழரும் முஸ்லிமும் சேர்ந்து தெரிவாக அது இடம் விட்டது. 1977ல் மூதூர் ஒற்றைத் தொகுதியானது, சேருவில புதிதாக வந்தது. அந்தத் தேர்தலில் திருகோணமலையில் சம்பந்தன், மூதூரில் மஹ்ரூப், சேருவிலவில் லீலரத்ன. மூன்று தொகுதி, மூன்று சமூகம். வரைபடம் போட்டவர்களே விடையையும் எழுதிவிட்டார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

1989லிருந்து மாவட்டமே ஒரு தொகுதி. 4 ஆசனத்தில் ஒன்று முதலிடம் வரும் கட்சிக்குப் போனஸ், மற்ற மூன்றும் வாக்கு விகிதப்படி. ஒரு கட்சி 7 பேரை நிறுத்தலாம். ஆகவே பட்டியல் போடும்போதே எண்ணத் தொடங்கிவிடுவார்கள்: கிண்ணியாவுக்கு ஒருவர், மூதூருக்கு ஒருவர், நகரத்தில் ஒரு தமிழர், கந்தளாய்க்கு ஒரு சிங்களவர். அப்புறம் விருப்பு வாக்கு. வாக்காளர் தான் போடும் கட்சிக்குள்ளே மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போது போட்டி எதிர்க்கட்சியோடு மட்டுமில்லை, ஒரே சின்னத்தில் நிற்கும் பக்கத்து ஆளோடும்தான். கொள்கை எல்லாருக்கும் ஒன்று. வேறுபடுத்திக் காட்ட ஊரும் மதமும்தானே மிச்சம்?

இதற்குள்ளே ஒன்றைக் கவனியுங்கள். வேட்பாளர் தினமும் பூசைக்குப் போகிறாரா, ஐந்து நேரம் தொழுகிறாரா என்று யாரும் விசாரிப்பதில்லை. காணிப் பிரச்சினை வந்தால் யார் பக்கம் நிற்பார் என்பதைத்தான் மதத்தின் பேரில் கேட்கிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. 2005 மே மாதம் நகர மத்தியில் இரவோடிரவாகப் புத்தர் சிலை வைக்கப்பட்டுக் கடையடைப்பு நடந்த ஊர் இது. கன்னியா வெந்நீரூற்று இந்துக்களுக்கா பௌத்தர்களுக்கா என்ற சர்ச்சை, 2018ல் ஒரு பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவது பற்றி எழுந்த சர்ச்சை எல்லாம் நாம் பார்த்தவை. கேள்வியை நான் பிழை சொல்லமாட்டேன். ஆனால் நெற்றியில் என்ன இருக்கிறது, தலையில் என்ன இருக்கிறது என்பது அதற்குப் பதில் ஆகாது. ஒரே கோயிலில் கும்பிடுகிறவர் அடுத்த நாள் உங்கள் காணி விஷயத்தில் வாய் திறக்காமல் இருக்கலாம்.

(திரையில்: வெல்கம் வெகர இடிபாடுகள்.)

இடையில் ஒரு சின்னச் சேதி. பெரியகுளத்துக்குப் பக்கத்தில் உள்ள இந்த விகாரைக்குச் சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். இங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள் இந்தப் பௌத்தப் பள்ளிக்குக் கொடுத்த தானங்களைச் சொல்கின்றன. தமிழ் என்றால் சைவம், பௌத்தம் என்றால் சிங்களம் என்று ஒரே மூச்சில் சொல்கிறவர்கள் ஒருநாள் அந்தப் பக்கம் போய் வரட்டும்.

கிழக்கு மாகாண சபைக்கு வருவோம், அது இயங்கியது இந்த ஊரில்தான். 2008ல் முதலமைச்சர் யார் என்ற இழுபறி தமிழரா முஸ்லிமா என்றே ஓடியது, தமிழரான பிள்ளையான் வந்தார். 2012ல் 37 இடங்களில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 14, தமிழரசுக் கட்சிக்கு 11, முஸ்லிம் காங்கிரசுக்கு 7. முதலமைச்சர் பதவியையே தருகிறோம் என்று தமிழர் தரப்பு கூப்பிட்டும் முஸ்லிம் காங்கிரஸ் மற்றப் பக்கம் போனது, நஜீப் அப்துல் மஜீத் முதலமைச்சரானார். 2015ல் காற்று மாறியது. ஹாபிஸ் நஸீர் அஹமட் முதலமைச்சர், திருமலையின் தண்டாயுதபாணி கல்வி அமைச்சர், முஸ்லிம் காங்கிரசும் தமிழரசுக் கட்சியும் ஒரே மேசையில். மேசை மாற மூன்றே வருடம் போதுமாக இருந்தது. வாக்காளருடைய மதம் அந்த மூன்று வருடத்தில் மாறவில்லை.

கடைசியாக, எது குற்றம்? 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தில் 'தகாத செல்வாக்கு' என்று ஒரு பிரிவு, 79ஆவது. அடித்து மிரட்டுவது மட்டுமில்லை, ஆன்மிகத் தீங்கு வரும் என்று பயமுறுத்தி வாக்குக் கேட்பதும் அதற்குள் வரும். இன்னாருக்குப் போட்டால் சாமி குற்றம், மறுமையில் பதில் சொல்லவேண்டும் என்றெல்லாம் பேசுவது இந்த வகை. வழிபாட்டுக்காகக் கூடிய கூட்டத்தில் தேர்தலை மனதில் வைத்துப் பேசுவதும் நோட்டீஸ் கொடுப்பதும் இதே பிரிவில் உண்டு. பூசை முடிந்த கையோடு மண்டபத்தில் மைக் பிடிக்கிறவர்களும், பள்ளிவாசல் குத்பா உரையில் ஜாடையாகச் சின்னம் சொல்கிறவர்களும், பௌத்தப் பன்சலை முற்றத்தில் கூட்டம் வைக்கிறவர்களும் இதை ஒருமுறை வாசிப்பது நல்லது.

ஆனால் வேட்பாளர் பத்திரகாளி அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்துப் படம் எடுத்துப் போட்டால் அது குற்றமில்லை. 'நம்ம ஆள்' என்று ஒருவர் மற்றவரிடம் சொல்வதும் குற்றமில்லை. சட்டத்தின் கை அவ்வளவுதான் எட்டும். வழிபாட்டு இடத்தில் பிரசாரம் நடப்பதைக் கண்டால் இடம், நேரம், பேசியது என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் ஒளிப்பதிவு எடுங்கள், மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் எழுத்து மூலம் முறைப்பாடு கொடுங்கள். பேசியவர் உங்கள் கோயில்காரராக இருந்தாலும்.