மெழுகுக் கட்டி

(மன்னார்குடியில் நுகர்வோர் கூட்டம் ஒன்றில் பேசியது. இருமலையும் கைதட்டலையும் விட்டுவிட்டு மற்றதை எழுதியிருக்கிறேன்.)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, இந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் வழக்கறிஞர் நண்பர்களே, ஓய்வுபெற்ற பிறகும் ஓய்வெடுக்காத நீதிபதி ஐயா அவர்களே, டாக்டர்களைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்தும் தைரியமாக மேடையேறிய டாக்டர் அம்மா அவர்களே, மண்டபத்தை வாடகை இல்லாமல் கொடுத்த பெரியவர் அவர்களே (கரண்ட் பில் மட்டும் நம்முடையது என்று இப்போதுதான் காதில் சொன்னார்), தாய்மார்களே, மைக் செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம்.

புற்றுநோய் இல்லாதவருக்கு இருக்கிறது என்றோ, இருப்பவருக்கு இல்லை என்றோ சொல்லிவிட்டால் இழப்பீடு கேட்க முடியுமா? இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று விஷயம் சொல்கிறேன். எங்கே போவது, கையில் என்ன வைத்திருப்பது, டாக்டருக்கு எதிராகச் சாட்சி சொல்ல இன்னொரு டாக்டர் வருவாரா.

முதல் விஷயம் சுருக்கம்தான். காசு கொடுத்துப் பார்க்கும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் இடம் அதில் வராது. அதற்கு சிவில் கோர்ட், அரசு ஆஸ்பத்திரி என்றால் உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். சிலரிடம் காசு வாங்கிக்கொண்டு சிலருக்கு இலவசமாகப் பார்க்கிற இடம் என்றால், இலவசமாகப் பார்த்துக்கொண்டவரும் வழக்குப் போடலாம். 2019-ஆம் வருஷத்துச் சட்டப்படி உங்கள் ஊர் எந்த மாவட்டமோ அங்கேயே போடலாம். நமக்குத் திருவாரூர். நீங்கள் வைத்தியத்துக்குக் கட்டிய பணம் 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கேட்கிற இழப்பீடு கணக்கில்லை, கட்டிய பணம்தான் கணக்கு. அது 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். (வக்கீல் நண்பர்கள் முறைக்கிறார்கள்.) இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். தாமதமானால் தக்க காரணம் சொல்ல வேண்டும். "டாக்டர் நல்ல மனுஷன், அதனால யோசிச்சேன்" என்பது தக்க காரணமா என்று நீதிபதி ஐயாவைத்தான் கேட்க வேண்டும்.

ஒன்று மறக்காதீர்கள். டாக்டர் தப்பாகக் கணித்தாலே கவனக்குறைவு ஆகிவிடாது. சராசரித் திறமையுள்ள ஒரு டாக்டர் செய்திருக்க வேண்டியதை இவர் செய்யாமல் விட்டாரா என்றுதான் பார்ப்பார்கள். டாக்டர் அம்மா தலையாட்டுகிறார்கள், நன்றி.

சரி, இரண்டாவது. கையில் என்ன இருக்க வேண்டும். எங்கள் அம்மா வட்டிக் கணக்கு நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டே சொல்வாள்: "எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" இதற்கு என் அக்கா கதையைச் சொன்னால் போதும். கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு அப்போது 52 வயது. மார்பில் ஒரு கட்டி. ஒரு நர்சிங் ஹோமில் பயாப்ஸி எடுத்தார்கள், அதாவது கட்டியில் ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதித்தார்கள். எது என்று சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். புற்றுநோய் என்றார்கள். மறு வாரமே கீமோ. இரண்டாவது கீமோவில் தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னல் அது. ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அப்போது அங்கே வேலை பார்த்த ஒரு நர்சம்மா, ஊசி போடுகிற சாக்கில் குனிந்து, "அக்கா, பிளாக்கை வாங்கி வேற இடத்துல காட்டிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பெண்ணுக்கு நான் கோயில் கட்டுவேன்.

பிளாக் என்றால் என்ன? நம் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் புதைத்து, ஒரு சின்ன பிளாஸ்டிக் கூட்டில் வைத்திருப்பார்கள். அதைக் காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டினால் ஸ்லைடு. வருஷக்கணக்கில் கெடாது; மறுபடி சீவலாம், மறுபடி பார்க்கலாம். எழுதிக் கொடுத்துக் கேட்டோம். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்.

கத்திரி வெயில். தஞ்சாவூரில் திருச்சி பஸ் ஏறினோம். மெழுகு உருகிவிடும் என்று அக்காவுக்குப் பயம். எவர்சில்வர் டப்பாவில் வைத்து, ஈரத் துண்டைச் சுற்றி, மடியில் பிள்ளையைப் போல வைத்துக்கொண்டு, வல்லம் வருவதற்குள் மூன்று தடவை தண்ணீர் தெளித்துவிட்டாள். புடவையெல்லாம் ஈரம். கண்டக்டர் பார்த்தார். "என்னம்மா, ஐஸ்கிரீமா?" அக்கா நிமிர்ந்து, "இல்ல தம்பி. என் சதை" என்றாள்.

அந்த மனுஷன் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டார். பிறகு எஞ்சின் சூட்டை விட்டுத் தள்ளி, பின்னால் ஜன்னல் ஓரத்தில் ஓர் ஆளை எழுப்பி அக்காவை உட்காரவைத்தார். தன் தண்ணீர் பாட்டிலையும் கொடுத்தார். திருச்சி லேப்பில் டப்பாவைத் திறந்த பையன் சிரித்துவிட்டான். "இது உருக கிட்டத்தட்ட 60 டிகிரி சூடு வேணும்மா!"

நாலாம் நாள் முடிவு வந்தது. கூடுதல் பரிசோதனைகளும் செய்து பார்த்துவிட்டார்கள். சுரப்பித் திசு தடித்திருக்கிறது, அவ்வளவுதான். புற்று இல்லை. நாங்கள் எல்லோரும் அழுகிறோம், சாமி கும்பிடுகிறோம். அக்கா மட்டும் தலைமுக்காட்டைத் தடவிப் பார்த்து, "அப்ப என் முடி?" என்றாள்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் படித்தோம். கடைசி வரி, பொடி எழுத்தில், இங்கிலீஷில்: சந்தேகத்துக்கு இடமிருக்கிறது, கூடுதல் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளவும். லேப் சொல்லியிருக்கிறது! உறுதிப்படுத்தாமல் கீமோ ஏற்றியது டாக்டர். அந்த ஃபைலைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் அக்கா மூன்று மாதம் படுத்திருந்தாள். அவள் தினத்தந்தியை வரி விடாமல் படிக்கிறவள். அந்த வரி தமிழில் இருந்திருந்தால் அவளே கேட்டிருப்பாள்.

வழக்கில் ஜெயித்ததும் அந்த ஒரு வரியால்தான். ஆனால் செலவில் பாதிதான் கிடைத்தது. மீதிக்கு பில் இல்லை. துண்டுச் சீட்டில் தொகை எழுதிக் கொடுக்க, நாங்கள் ரொக்கமாகக் கட்டியிருக்கிறோம். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா? பில் கேளுங்கள். நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேட்டின் நகலைத் தர வேண்டும் என்று டாக்டர்களின் 2002 நடத்தை விதியே சொல்கிறது. வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

ஆனால் வாங்கிய நகலைப் படிக்க வேண்டுமே? அதனால்தான் போகிற மேடையெல்லாம் கேட்கிறேன்: பயாப்ஸி முடிவின் கடைசி இரண்டு வரியாவது தமிழில் வேண்டும். முடியாது என்கிறார்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19-ஆம் நூற்றாண்டிலேயே டாக்டர் கிறீன் என்ற அமெரிக்கர் தமிழ் கற்றுக்கொண்டு, மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார், நூல்களும் ஆக்கினார். நம்மிடம் 1956-இலிருந்து ஆட்சிமொழிச் சட்டம் இருக்கிறது. மளிகைக் கடைக்காரர் உளுந்துக்கும் துவரைக்கும் தமிழில் சீட்டு எழுதுகிறார். உன் மாரை எடுக்கப்போகிறோம் என்பதைத் தமிழில் எழுத முடியாதா?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவது விஷயம், சாட்சி. எல்லா வழக்கிலும் இன்னொரு டாக்டரின் கருத்து கட்டாயம் என்றில்லை என்று 2010-இல் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. மலேரியாவுக்கு டைபாய்டு வைத்தியம் பார்த்த வழக்கு. அதை நீதிபதி ஐயா விளக்கமாகச் சொல்வார்கள், எனக்குப் பின்னால் அவர்கள்தான்.

தமிழ் ரிப்போர்ட் கேட்டு முதலமைச்சருக்கு அனுப்பும் மனு, வாசலில் டீ கொடுக்கும் மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடியுங்கள், குடித்துவிட்டால் மறந்துவிடுவீர்கள். முதல் கையெழுத்து அக்காவுடையது. பேனாவை நூலில் கட்டியிருக்கிறோம், யாரும் தப்பாக நினைக்க வேண்டாம், போன கூட்டத்தில் நாலு பேனா போய்விட்டது. நன்றி, வணக்கம்.