அறுபத்து நான்கு பேரும் ஒருவரே

நேயர்களுக்கு வணக்கம். கொடுத்த நேரம் கொஞ்சம்தான். அதனால் நேராக ஆளிடமே போய்விடுகிறேன்.

பால் மேக்ரியல். 1946இல் நியூயார்க்கில் பிறந்தவர், 2018இல் லாஸ் வேகாஸில் காலமானார். கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர், அந்த வேலையை விட்டுவிட்டு பேக்கேமன் ஆடப் போனார். அதுவே பிழைப்பும் ஆனது. 1978இல் உலகப் பட்டம் வாங்கினார். அப்புறம் போக்கர் என்னும் சீட்டாட்ட மேசைக்கும் வந்து சேர்ந்தார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பேக்கேமன் தெரியாதவர்கள் நம் தாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பகடை உருட்டிக் காய்களைப் பழமாக்கும் அதே வேலைதான். தனியாக நிற்கும் காய் வெட்டுப்படும். வெட்டுப்பட்டால் முதலிலிருந்து வர வேண்டும். இரண்டு காய் சேர்ந்து நின்றால் எதிராளி அங்கே கால் வைக்க முடியாது. இவ்வளவு போதும்.

மேக்ரியலுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: எக்ஸ்-22. உளவாளி பெயர் மாதிரி இருக்கிறது இல்லையா? விஷயம் வேறு. 64 பேர் ஆடும் போட்டி ஒன்றை அவர் தனியாகவே நடத்தினார். 64 பேரும் கற்பனை ஆட்கள். எக்ஸ்-1 முதல் எக்ஸ்-64 வரை பெயர். எல்லோருக்காகவும் உருட்டியது அவர், காய் நகர்த்தியதும் அவர். கடைசி ஆட்டத்தில் எக்ஸ்-34ஐத் தோற்கடித்து எக்ஸ்-22 ஜெயித்தார். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

எங்கள் அப்பத்தாவும் மதிய நேரத்தில் திண்ணையில் தனியாகத் தாயம் ஆடுவார். எதிர்ப்பக்கத்துக்கும் அவரே கட்டை உருட்டுவார். ஆனால் அவர் பக்கம் ஒருநாளும் தோற்று நான் பார்த்ததில்லை! கேட்டால், "அவளுக்கு விழல, நான் என்னடா பண்றது?" என்பார். மேக்ரியலுக்கு அந்த வசதி இல்லை. ஜெயித்தவரும் அவர், தோற்ற 63 பேரும் அவர். எல்லோருக்கும் ஒரே மூளை. அப்படியென்றால் எக்ஸ்-22 எப்படி ஜெயித்தார்? பகடை விழுந்தது, அவ்வளவுதான்.

இதைத்தான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஜெயித்ததை வைத்து ஆட்டம் நல்ல ஆட்டம் என்று சொல்லாதீர்கள். காயை நகர்த்தும்போது என்ன தெரிந்திருந்தது, அதை வைத்து என்ன செய்தார்கள் என்று பாருங்கள். நளன் கதையில் இருதுபன்னன் என்ற மன்னன் தான்றி மரத்தை ஒரு பார்வை பார்த்துக் காய்களின் எண்ணிக்கை சொல்வானே, அந்த வித்தையைக் கற்ற பிறகுதானே நளன் சூதில் நாட்டை மீட்டான்? கணக்கு அங்கேயே இருக்கிறது.

கணக்கு எப்படி என்றால், இரண்டு பகடை 36 விதமாக விழலாம். உங்கள் தனிக்காய் எதிராளிக்கு ஒரு கட்டம் தள்ளி நின்றால் வெட்டு விழுவது 36இல் 11 தடவை. ஆறு கட்டம் தள்ளி நின்றால் 17. தூரம் போனால் பத்திரம் என்று நினைத்தோம், இல்லையா? ஆனால் ஏழாவது கட்டத்துக்குப் போனால் சட்டென்று 6 ஆகிவிடும். இதற்கு மேலும் உண்டு. எப்போது பத்திரமாக ஆட வேண்டும், எப்போது துணிய வேண்டும் என்பதற்கு 1976இல் வெளிவந்த தன் பாடநூலில் மேக்ரியல் வழி சொன்னார். வெட்டுப்பட்ட காய் திரும்ப நுழைய வேண்டிய இடம் எதிராளியின் வீடு. அங்கே ஜோடிக் காய்களின் அடைப்பு குறைவாக இருந்தால் துணியலாம். வெட்டுப்பட்டாலும் திரும்ப நுழைந்துவிடலாம்.

இன்னொன்று. பேக்கேமனில் நடுவே, "பந்தயத்தை இரட்டிப்பாக்கலாமா?" என்று கேட்கலாம். மறுத்தால் பந்தயப் பணத்தைக் கொடுத்துவிட்டு எழ வேண்டும். நூறு ரூபாய் ஆட்டம் என்று வையுங்கள். நாலு முறையும் எழுந்துபோனால் 400 போச்சு. நாலு முறையும் ஒப்புக்கொண்டு மூன்றில் தோற்று ஒன்றில் ஜெயித்தால்? 600 போய் 200 வரும். அதே 400! ஆக, நாலில் ஒன்றுக்குமேல் வாய்ப்பு இருந்தால் உட்கார்ந்து ஆடலாம். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தே ஒப்புக்கொள்வது சரியாக இருக்கலாம். திரும்பவும் சொல்கிறேன், தெரிந்தே!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். போக்கருக்கு ஒரு நிமிடம்தான் மிச்சம்.

நியூயார்க்கின் மேஃபேர் கிளப்பில் பேக்கேமன் ஆடிய பலர் போக்கருக்கு மாறினார்கள். அவர்களில் டான் ஹாரிங்டன் 1995இல் உலகப் போக்கர் தொடரின் பிரதான ஆட்டத்தையே வென்றார். அவர் பரப்பிய கணக்கு ஒன்றுக்கு மேக்ரியல் பெயரின் முதலெழுத்தான 'எம்' என்றே பெயர். கையிலிருக்கும் சில்லுகளை, அதாவது பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்டுகளை, ஒரு சுற்றில் மேசையில் கட்டாயமாக விழும் தொகையால் வகுக்க வேண்டும். 12,000 இருந்து சுற்றுக்கு 1,200 விழுந்தால் எம் பத்து. சும்மா உட்கார்ந்தாலே பத்துச் சுற்றில் காலி. எம் குறையக் குறைய, நல்ல சீட்டுக்குக் காத்திருக்க முடியாது.

சரி, முடித்துக்கொள்கிறேன். கையில் இரண்டும் இரண்டுமாக, அதாவது 22 என்று, வரும் ஜோடிச் சீட்டுக்குப் போக்கர்காரர்கள் வைத்த பெயர் வாத்து. எக்ஸ்-22 சும்மா இருப்பாரா? 2,200 பந்தயம் வைக்கும்போது "குவாக் குவாக்" என்று கத்துவார்.

வணக்கம்.